மாத்திரை மட்டும் போதுமா, அக்கா?

"மருந்துதான் ஒருநாளும் விடாம சாப்பிடுறேனே மிஸ்ஸி! ரத்தத்துல கிருமி தெரியலன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னும் எதுக்கு அந்தச் சோதனை?"

எச்.ஐ.வி.யோடு வாழும் சகோதரிகள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கிய நம் தாய்மார்கள் எல்லாரும் இதற்குப் பதிலைத் தெரிந்துகொள்வது நல்லது.

மலேசியாவில் இந்நோய் முதன்முதலில் 1986-இல் கண்டறியப்பட்டது. அன்று மருந்தில்லை. 2006 முதல் முதல்நிலைக் கூட்டு மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மலேசியருக்கு இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி அடங்கும், ஆயுளும் நீளும். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால், கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் வேறொரு கிருமி. அதன் பெயர் எச்.பி.வி. உடலுறவால் தொற்றுவது. பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். எச்.ஐ.வி.யால் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பிலோ, அது போகாமல் தங்கிவிடுகிறது. ஆகவே இவர்களுக்கு இந்தப் புற்று வரும் அபாயம் மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் அபாயம் குறையும், அடியோடு நீங்காது.

வேர்நோய் கண்ட பால்மரத்தை நாம் பார்த்ததில்லையா? இலை மஞ்சளாகும்போது வேர் அழுகிப் போயிருக்கும். இதுவும் அப்படித்தான். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கூச்சமா? எச்.பி.வி. சோதனைக்குப் பஞ்சுக்குச்சியால் நீங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். "அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சிடுமே" என்ற பயமா? இது 30 வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களும் செய்ய வேண்டிய சோதனை. வரிசையில் நிற்பதை வைத்து யாரும் எதையும் சொல்லிவிட முடியாது.

புற்றாக மாறுமுன் கண்டுபிடித்தால், கெட்ட பகுதியை மட்டும் சுட்டோ வெட்டியோ அகற்றலாம். பெரும்பாலும் கருப்பையை எடுக்கத் தேவையில்லை. ஆனால், உறவுக்குப்பின் ரத்தம், தீட்டு நின்றபின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இவற்றில் எது கண்டாலும் நாள் கடத்தாதீர்கள்.

அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது ஒரே ஒரு வார்த்தை கேளுங்கள்: "மிஸ்ஸி, எனக்குக் கருப்பை வாய்ச் சோதனை கடைசியா எப்போ செஞ்சாங்க?"