வீட்டுப் பூச்சுகள் நிறம் மாறுவது ஏன்?

மேனிக்கு அழகும் நலமும் தரும் பொருட்டு நம் முன்னோர் மஞ்சளையும் மருதாணியையும் அரைத்துப் பூசினர். மஸ்ஜித் தானா வட்டாரத் தமிழர் இல்லங்களிலும் இவ்வழக்கம் உண்டு. அரைத்து வைத்த பூச்சு சில நாள்களில் நிறம் மாறிவிடுகிறதே, அஃது ஏன்? அதனால் தீங்கு உண்டா? ஆராய்வோம்.

முதற் காரணம் வெளிச்சம். மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின் என்னும் பொருளாகும். 1815ஆம் ஆண்டில் வோகல், பெல்லெட்டியே என்னும் அறிஞர் இருவர் இதனைப் பிரித்தெடுத்தனர். வெயில் பட்டால் இது சிதையும். மஞ்சள் கறை படிந்த துணி வெயிலில் வெளுப்பது இதனாலேயே.

இரண்டாவது காரத்தன்மை. ஆரத்திக்காக மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தவுடன் நீர் சிவக்கிறது. சுண்ணாம்பிலுள்ள காரமே இதற்குக் காரணம். மஞ்சளிலிருந்து குங்குமம் செய்வதும் இம்முறையிலேதான். எலுமிச்சைச் சாற்றைப் போதிய அளவு விட்டால் சிவந்த நீர் மீண்டும் மஞ்சளாகும்.

மூன்றாவது காற்று. அரைத்த பச்சை மருதாணி காற்றுப்பட்டுப் பழுப்பாகிறது. கையில் செம்மஞ்சளாகப் பதிந்த சாயம் ஓரிரு நாள்களில் கருஞ்சிவப்பாவதும் காற்றிலுள்ள உயிர்வளியின் செயலே.

இம்மூன்றும் நிறத்தை மாற்றுமேயன்றிப் பூச்சு அழுகிவிட்டதைக் காட்டுவன அல்ல. நான்காவது காரணமோ அஞ்சத்தக்கது. அது நுண்ணுயிர்களின் பெருக்கம். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில், நீர் கலந்த பூச்சிலே பாக்டீரியாவும் பூஞ்சணமும் விரைந்து வளரும். சாம்பல், கறுப்பு, பச்சை நிறப் புள்ளிகளோ புளித்த வாடையோ தோன்றினால் அப்பூச்சை எறிந்துவிட வேண்டும். மேலே படிந்ததை மட்டும் வழித்துவிட்டு எஞ்சியதைப் பூசினால் தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாகலாம். நிறம் மாறாத பூச்சிலும் நுண்ணுயிர்கள் மறைந்திருக்கக் கூடும் என்பதை மறத்தலாகாது.

இதற்கு நல்வழி யாது? நம் அண்டை வீட்டு மலாய் மக்கள் செய்யும் 'பெடாக் செஜுக்' என்னும் அரிசிப் பூச்சைக் காண்க. ஊறிய அரிசியை அரைத்து, சிறு துளிகளாக இட்டு, வெயிலில் நன்கு உலர்த்துவர். ஈரம் இன்மையால் அது நெடுநாள் கெடுவதில்லை. வேண்டும்போது மட்டும் நீரில் குழைத்துப் பூசுவர்.

நாமும் மஞ்சளைப் பொடியாக்கி, ஈரமற்ற புட்டியில் இட்டு, வெயில் படாமல் மூடி வைப்போம். அன்றன்றைக்கு வேண்டிய அளவே குழைத்துக்கொள்வோம். எஞ்சியதைச் சேமித்து வைப்பது சிக்கனம் அன்று, மேனிநலனே பெருஞ்செல்வம்.