பயிற்றுநருக்கு உரிய பரிசு



பந்தயத் திடலில் ஒரு குதிரை முதலில் வந்து சேர்ந்தால் காண்போர் குதிரையைப் புகழ்வர். அதன்மேல் ஏறி வந்த ஜாக்கியைப் புகழ்வர். பரிசுக் கோப்பையை உடைமையாளர் பெற்றுக்கொள்வார். கதிரவன் எழுமுன் லாயத்துக்கு வந்து, அக்குதிரையின் காலைத் தடவிப் பார்த்து, இன்று இது ஓடலாமா, ஓய்வு கொள்ள வேண்டுமா என்று முடிவு செய்த ஒருவர் கூட்டத்தில் ஓரமாக நிற்பார். அவரே பயிற்றுநர். பயிற்றுநருள் சிறந்தவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் விருது வழங்குவதென்றால் அதனை யாருக்கு வழங்குவது? இக்கேள்வியை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

பந்தயத்தில் பணம் கட்டுவதைப் பற்றி நான் பேச வரவில்லை. அது குடியைக் கெடுக்கும் பழக்கம் என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் ஆலங்குளம் வட்டாரத்தில் குதிரை என்றால் அய்யனார் கோயிலில் நிற்கும் மண்குதிரைதான் நினைவுக்கு வரும். ஆயினும், ஓர் உயிரைப் பழக்கி ஆளாக்குவோரின் தகுதியை எவ்வாறு அளப்பது என்னும் கேள்வி லாயத்தோடு நின்றுவிடுவதன்று. அது பள்ளிக்கூடத்துக்கும் உரியது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனாகிய எனக்கு அது மிகவும் நெருக்கமான கேள்வி.

முதலில் பயிற்றுநரின் தொழிலை அறிந்துகொள்வோம். பாரதக் கதையில் குதிரை நூல் வல்லவன் நகுலன். விராடன் நகரில் மறைந்து வாழ்ந்த காலத்தில் அவன் குதிரைகளைப் பேணும் பணியையே ஏற்றான். அக்கலை எளிதன்று. பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. அப்போது அதன் எலும்பு முழுதும் முற்றியிராது. மிகுதியாக ஓட்டினால் கால் பழுதுறும். ஓட்டாமலே வைத்திருந்தால் மூச்சும் தசையும் வலுப்பெறா. ஒரு குதிரை கூட்டத்தைக் கண்டு மிரளும். மற்றொன்று தனியே ஓடினால் சோம்பும். ஒன்றுக்குக் குறுகிய ஓட்டம் ஏற்றது. மற்றொன்றுக்கு நெடிய ஓட்டம் ஏற்றது. தீவனம், லாடம், காலை ஓட்டம், ஓய்வு, எந்தப் பந்தயத்தில் எந்நாளில் இறக்குவது என்னும் முடிவு ஆகிய அனைத்தும் பயிற்றுநரின் பொறுப்பு.

இத்தொழிலின் பங்கை நம் நாட்டு நீதிமன்றமே எண்ணிப் பார்த்ததுண்டு. சென்னைக் கிண்டியில் 18-ஆம் நூற்றாண்டிலேயே குதிரைப் பந்தயம் தொடங்கியது. பிற்காலத்தில் அதனைச் சூதாட்டமெனக் கருதித் தமிழ்நாட்டு அரசு தடுக்க முற்பட்டபோது வழக்கு எழுந்தது. பந்தயத்தின் முடிவு பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் பிறவி ஆற்றல், அது பெற்ற பயிற்சி, ஜாக்கியின் திறன் ஆகியவை அத்தீர்ப்பில் எண்ணப்பட்டன. பிறவி வேறு, பயிற்சி வேறு என்னும் இப்பாகுபாட்டை நினைவில் வையுங்கள். நம் கேள்விக்கு அதுவே திறவுகோல்.

இனி விருதுக்கு வருவோம். பிரிட்டனில் ஓர் ஆண்டின் முதன்மைப் பயிற்றுநர் யார் என்பது, அவருடைய குதிரைகள் ஈட்டிய பரிசுத் தொகையைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யப்படுகிறது. அமெரிக்காவில் வேறு முறை. அங்கு 1971-ஆம் ஆண்டு முதல் ‘எக்லிப்ஸ்’ என்னும் விருது வழங்கப்பட்டு வருகிறது. ஒருமுறையேனும் தோற்காத, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குதிரை ஒன்றின் பெயர் அது. பந்தயத் துறையினரும் அத்துறை பற்றி எழுதும் செய்தியாளரும் வாக்களித்துச் சிறந்த பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கின்றனர். கூட்டல் கணக்கு ஐயத்துக்கு இடம் தராது. வாக்களிப்பவரோ ஏதேனும் ஓர் அளவுகோலை மனத்திற் கொண்டாக வேண்டும். அத்தகைய அளவுகோல்கள் மூன்று வழக்கில் உள்ளன.

முதலாவது, மொத்தப் பரிசுத் தொகை. இருநூறு குதிரைகளை வைத்திருப்பவரும் பத்துக் குதிரைகளை வைத்திருப்பவரும் இதில் சமமாகார். லாயத்தின் பருமனே பாதி வெற்றியைத் தந்துவிடும். இரண்டாவது, நூற்றுக்கு எத்தனை வெற்றி என்னும் விழுக்காடு. இது முன்னதினும் நேரியது போலத் தோன்றும். ஆனால் எளிய பந்தயங்களையே தேடி இறக்குபவர் விழுக்காட்டை எளிதில் உயர்த்திக்கொள்வார். மூன்றாவது, ஒரு மாபெருங் குதிரை. நாடே வியக்கும் குதிரையை உருவாக்கியவருக்கே விருது என்பர் சிலர். அக்குதிரை உயர்ந்த குலத்தில் பிறந்து, பெருஞ்செல்வர் ஒருவரால் அவர் லாயத்துக்கு அனுப்பப்பட்டிருந்தால், அதில் பிறவியின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு?

இதற்கு 1973-ஆம் ஆண்டு நல்ல சான்று தருகிறது. அமெரிக்காவில் மூன்று வயதுக் குதிரைகளுக்கென மூன்று பெரும் பந்தயங்கள் உண்டு. கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மாண்ட் என்பன அவை. ஒரே ஆண்டில் மூன்றையும் வெல்வதை மும்முடி என்பர். 1948-க்குப் பின் 25 ஆண்டுகள் எக்குதிரையும் அதனைப் பெறவில்லை. 1973-இல் ‘செக்ரட்டேரியட்’ என்னும் குதிரை பெற்றது. பெல்மாண்டில் அது தன்னைத் தொடர்ந்து வந்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னே விட்டு வென்றது. அதன் பயிற்றுநர் லூசியன் லாரின்.

அவ்வாண்டின் விருது லாரினுக்கே என்று நீங்கள் எண்ணுவீர்கள். அவர் அதற்கு முந்திய ஆண்டின் விருதைப் பெற்றவர். 1973-இன் விருது அவருக்குக் கிட்டவில்லை. பெல்மாண்ட் முடிந்து இரண்டு திங்களுக்குள், விட்னி என்னும் பந்தயத்தில் ‘ஆனியன்’ என்ற குதிரை செக்ரட்டேரியட்டைத் தோற்கடித்தது. ஆனியன் என்றால் வெங்காயம்! செப்டம்பரில் உட்வார்ட் பந்தயத்தில் ‘புரூவ் அவுட்’ என்னும் வேறொரு குதிரை மீண்டும் தோற்கடித்தது. இவ்விரண்டும் பெரும்புகழ் பெற்றவை அல்ல. இரண்டையும் பழக்கியவர் ஒருவரே. அவர் ஆலன் ஜெர்கன்ஸ். ‘அரக்கரை வீழ்த்துபவர்’ என்னும் பொருளில் அவருக்குப் பட்டப்பெயரும் உண்டு. 1973-இன் விருது அவருக்கே வழங்கப்பட்டது. விட்னிப் பந்தயத்தின்போது செக்ரட்டேரியட் உடல்நலம் குன்றியிருந்தது என்பர். அதையும் கருத்திற் கொள்வது நேர்மை. ஆயினும் ஒருமுறை நிகழ்ந்தால் தற்செயல் எனலாம். இரு வேறு குதிரைகளால் இருமுறை நிகழ்ந்ததைப் பயிற்சி என்றே சொல்ல வேண்டும்.

இது விதிவிலக்கா? அன்று. விருது தோன்றிய பின் 1973, 1977, 1978, 2015, 2018 ஆகிய ஐந்து ஆண்டுகளில் மும்முடி பெற்ற குதிரைகள் தோன்றின. அவற்றுள் 1978, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டுமே அக்குதிரையின் பயிற்றுநர் விருது பெற்றார். மாபெருங் குதிரை ஒன்றே போதிய சான்றன்று என்பதை வாக்களித்தோர் உணர்ந்திருக்கின்றனர்.

என் கருத்தில் நான்காவது அளவுகோல் ஒன்று வேண்டும். குதிரை எந்நிலையில் வந்தது, எந்நிலைக்கு உயர்ந்தது என்று பார்த்து, இடைப்பட்ட தொலைவை அளக்க வேண்டும். அதனோடு ஒரு நிபந்தனையும் வேண்டும். அவ்வுயர்வு தூய வழியில், உயிருக்கு ஊறின்றி வந்ததாக இருத்தல் வேண்டும். 2021-இல் கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த குதிரையின் உடலில், பந்தய நாளில் இருக்கக் கூடாத மருந்து காணப்பட்டது. 2022-இல் அதன் வெற்றி நீக்கப்பட்டது. மாணிக்கவாசகர் வரலாற்றில் நரிகள் பரிகளாயின என்று படித்திருக்கிறீர்கள். அப்பரிகள் ஓரிரவுகூடப் பரிகளாக நிலைக்கவில்லை. மீண்டும் நரிகளாகி ஊளையிட்டன. இறைவனின் திருவிளையாடலுக்கு அது பொருந்தும். மனிதர் குறுக்கு வழியில் செய்யும் மாற்றமும் அப்படியே கலைந்துபோகும். அதற்கு விருது தகாது.

நம் நாட்டில் விளையாட்டுப் பயிற்றுநருக்கென 1985-இல் துரோணாச்சாரியார் விருது தோன்றியது. அதனை முதன்முதலில் பெற்றோருள் ஒருவர் ஓ. எம். நம்பியார். கேரளத்துக் கண்ணூரில் விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த பி. டி. உஷா என்னும் சிறுமியின் ஆற்றலைக் கண்டுகொண்டு, ஆண்டுக்கணக்கில் பழக்கியவர் அவர். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் உஷா நொடியில் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். பதக்கம் இல்லை; ஆயினும் கடந்து வந்த தொலைவு நாட்டுக்கே தெரிந்தது. விருதின் பெயரிலும் ஒரு பாடம் உண்டு. துரோணர் அருச்சுனனை உருவாக்கியவர். ஏகலைவனை ஏற்க மறுத்தவரும் அவரே. ஆசானை எண்ணும்போது இரண்டையும் எண்ண வேண்டும்.

இனி உங்கள் வகுப்பறைக்கு வருகிறேன். பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றது எங்கள் விருதுநகர் மாவட்டம். அப்பெருமை எனக்கும் உண்டு. ஆனால் விழுக்காடு ஒன்றையே கண்டால் ஆபத்தும் உண்டு. மதிப்பெண் மிக்க பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி நூற்றுக்கு நூறு காட்டலாம். தீப்பெட்டி ஒட்டிவிட்டு வரும் பிள்ளையை, வீட்டில் எழுத்தறிந்தோர் எவருமில்லாத பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் பள்ளி எண்பது காட்டலாம். அந்த எண்பதுக்குள் எத்தனை ‘ஆனியன்’கள் உள்ளன என்பதைத் தேர்வுப் பட்டியல் சொல்லாது. மெல்லக் கற்பவன் தேற மாட்டான் என்று அஞ்சித் தேர்வுக்கு முன்பே அவனைப் பள்ளியை விட்டு விலகச் செய்தால் விழுக்காடு உயரும். ஒரு வாழ்வு தாழும். இக்காரணத்தால்தான் அளவுகோலைப் பற்றி இவ்வளவு பேசினேன். எதனை அளக்கிறோமோ அதனையே மனிதர் செய்வர்.

நல்ல மாணவனைக் கெடுக்காமல் வளர்ப்பதும் ஒரு கலையே. அதனை நான் குறைத்துச் சொல்லவில்லை. லாரினும் சிறந்த பயிற்றுநரே. ஆனால் ஒரு விருதே உண்டு, தகுதியுடையோர் இருவர் உளர் என்னும்போது, நெடுந்தொலைவு உயர்த்தியவருக்கே என் வாக்கு.

மாணவ மணிகளே! அடுத்த முறை உங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் ஒருவர் முதற்பரிசு பெறும்போது கைதட்டுங்கள். பின்னர் அவரிடம் சென்று, முதல் வகுப்பில் உனக்கு எழுத்தறிவித்தவர் யார் என்று கேளுங்கள். அவ்வாசிரியர் அருகில் வாழ்ந்தால் இருவருமாகச் சென்று செய்தியைச் சொல்லி வாருங்கள்.