மான் வரும் வளவில் ஒட்டுமா

திருகோணமலை நகரிலே புள்ளிமான்கள் வீதியோரங்களில் அஞ்சாது மேய்வதைப் பலரும் கண்டிருப்பர். இத்தகைய இடங்களில் ஒட்டுமாங்கன்று நடுவோர், கன்றைக் கடித்தது எதுவென முதலில் அறிதல் வேண்டும். மானுக்கு மேல்வாயில் முன்வெட்டும் பற்கள் இல்லை; ஆதலால் அது குருத்தைப் பிய்த்தே தின்னும். எஞ்சிய நுனி கிழிந்து நார்நாராகத் தோன்றும். முயல் கடித்த தண்டோ கத்தியால் வெட்டியதுபோற் சரிவாக இருக்கும்.

இலை போனாற் பெரிதன்று, மீண்டும் தளிர்க்கும். ஒட்டிய இடத்துக்கு மேலுள்ள தண்டு முழுவதும் போய்விடின் அதுவே நட்டம். பின்னர் அடியிலிருந்து செழிப்பாக எழும் தளிரைக் கண்டு மகிழ்வோர் உளர். அது கீழ்க்கட்டையின் தளிர். பல ஆண்டு நீரூற்றிய பின்னர் காய்ப்பது பணங்கொடுத்து வாங்கிய இனமன்று. கொம்புள்ள ஆண்மான் உரசிப் பட்டையைச் சுற்றிவர உரித்துவிடினும் கன்று பட்டுப்போம்.

வளவு முழுவதையும் அடைக்க இயலாதோர் கன்றை மட்டும் அடைக்கலாம். தண்டிலிருந்து மூன்றடி தள்ளிக் கதியால் நாட்டி, ஆறடி உயரத்துக்குக் கம்பிவலை சுற்றுக. கீழே இடைவெளி விடலாகாது. புள்ளிமான் தாண்டுவதினும் நுழைவதையே நாடும். தாழ்ந்த பக்கக்கிளைகளைச் சிறிது சிறிதாக நீக்கி, ஆறடிக்கு மேலே கிளைக்கச் செய்க. காய் பறிக்க ஏணி வேண்டியதாகும். அதற்கு உடன்படவே வேண்டும்.

சுருக்குக்கம்பி வைத்தல் கூடாது. புள்ளிமானைக் கொல்லுதல் சட்டப்படி குற்றம்; அன்றியும் அக்கம்பியில் அயலவரின் பசுக்கன்றும் அகப்படும்.