பூனைக்கு ஒரு மணல் பெட்டி

ஊரில் நம் வீடுகளில் பூனைக்கென்று தனிக் கழிப்பிடம் தேவைப்பட்டதே இல்லை. கொல்லைக் கதவு திறந்திருக்கும். வாழையடி மண்ணோ, வீடு கட்டுகிறவர்கள் தெருவில் கொட்டிவைத்த ஆற்று மணலோ போதும். காரியத்தை முடித்து, மூடிவிட்டு வந்துவிடும். செம்பூரில் நான்காவது மாடி ஃபிளாட்டில் அந்தக் கொல்லையை நாம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும். அது சரியாக அமையாத வீட்டில் பூனை மெத்தையிலும் மிதியடியிலும் போகிறது. வீட்டில் சண்டை வருகிறது. கடைசியில் பூனையை மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை அங்கே பிழைப்பது கஷ்டம். எங்கள் குடியிருப்பிலிருந்து இப்படி இரண்டு பூனைகள் போய்விட்டன. அதனால்தான், பன்னிரண்டு வருடமாகப் பூனை வளர்க்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வீட்டுப் பூனையின் மூதாதையர் மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். பொடி மண்ணில் குழி பறித்து மூடும் பழக்கம் அதன் பிறவிக்குணம். குட்டியை ஓரிரு முறை பெட்டியில் இறக்கிவிட்டால் போதும், தானே புரிந்துகொள்ளும். ஆகவே, வேறு இடத்தில் போகிற பூனையை அடிப்பதற்கு முன் பெட்டியைப் பாருங்கள்.

முதல் விஷயம் அளவு. கடைகளில் கிடைக்கும் பெட்டிகள் பல குட்டிக்குத்தான் சரிப்படும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை பூனையை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள பெட்டி வேண்டும். பூனை 45 செ.மீ. இருந்தால் பெட்டி 65, 70 செ.மீ. உள்ளே முழுதாகத் திரும்ப இடம் இல்லையென்றால், நான்கு காலும் மணலில் இருக்கப் பின்பக்கம் மட்டும் வெளியே நிற்கும்! இங்கே பலர் கொத்தனார்கள் சிமெண்ட் சுமக்கும் கமேலாவை வைக்கிறார்கள். குட்டிக்குச் சரி, வளர்ந்த கடுவனுக்குப் போதாது. நான் வைத்திருப்பது துணிமணி போட்டுவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. ஒரு பக்கத்தை மட்டும் தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். வயதான, மூட்டு வலிக்கும் பூனைக்கு வாசல் இன்னும் தாழ்வாக இருக்கட்டும்.

மூடி போட்ட பெட்டி பார்க்க அழகு. பல பூனைகள் அதை ஆட்சேபிப்பதும் இல்லை. ஆனால் நாற்றம் நமக்குத் தெரியாமல் போவதால் சுத்தம் செய்வது தள்ளிப்போகும். உள்ளே போகிற பூனைக்கோ நன்றாகத் தெரியும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அடுத்தது மணல். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் சாம்பலும் மணலும்தான் போட்டார்கள். 1947இல் எட் லோ என்பவர் ஈரம் உறிஞ்சும் களிமண்ணைப் பூனைக்கென்று விற்கத் தொடங்கினார். இன்று அதிகம் விற்பது, நனைந்தால் கட்டியாகும் பெண்டோனைட் களிமண். நம் நாட்டில் குஜராத்தின் கச்சுப் பகுதியில் இது ஏராளமாகக் கிடைக்கிறது. பொடியாக, வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். லாவண்டர் மணம் நமக்காகத்தானே தவிர, பூனைக்காக அல்ல. 5 முதல் 7 செ.மீ. ஆழம் போதும். வாயில் வைத்துப் பார்க்கும் சின்னக் குட்டிகளுக்கு இது வேண்டாம், கிழித்த காகிதமோ மரத்தூள் உருண்டையோ போடலாம். கட்டியான மண்ணைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடாதீர்கள். அது உப்பிக் குழாயை அடைக்கும், கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிடுவார். காகிதத்தில் சுற்றிக் குப்பையில்தான் போட வேண்டும்.

பெட்டியைச் சாப்பாட்டுத் தட்டின் அருகிலோ, திடீரென்று உறுமும் வாஷிங் மெஷின் பக்கத்திலோ வைக்கக்கூடாது. குளியலறை பரவாயில்லை, கதவு எப்போதும் திறந்திருந்தால். பால்கனியானால் ஜூன் வந்ததும் சாரலில் மண் சேறாகிவிடும். பூனைகளின் எண்ணிக்கையைவிடப் பெட்டி ஒன்று கூடுதலாக இருப்பது நல்லது என்பார்கள். ஒற்றை அறை வீட்டில் அதற்கு எங்கே போவது? இரண்டு பூனை இருந்தால் இரண்டு பெட்டியாவது, வெவ்வேறு மூலையில்.

தினம் இருவேளை அள்ளுங்கள். பெட்டியைக் கழுவச் சோப்பும் வெந்நீரும் போதும். நம் வீடுகளில் வழக்கமான கறுப்பு ஃபினாயிலைப் பூனை நடமாடும் இடத்தில் ஊற்றவே கூடாது. அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு; காலில் ஒட்டியதை நக்கினாலே விஷம்.

மருமகளோ மகளோ கர்ப்பமாக இருக்கிறாள் என்றதும் பூனையை விரட்டச் சொல்கிறார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரலாம் என்பது உண்மைதான். ஆனால் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகே அது தொற்றும் நிலையை அடைகிறது. ஆகவே தினமும் அள்ளிவிட வேண்டும். அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யாமல் வீட்டில் வேறு யாராவது செய்ய வேண்டும். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும்கூட அதே கிருமியைத் தரும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

இன்னொன்று. நல்ல பெட்டி இருந்தும் பூனை திடீரென்று வெளியே போகத் தொடங்கினால் அது நோயாக இருக்கலாம். முக்கியமாகக் கடுவன் பூனை அடிக்கடி பெட்டியில் போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, சொட்டுக்கூட வராமல் எழுந்தால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கக்கூடும். மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ, பரேலில் உள்ள பாய் சாக்கர்பாய் விலங்கு மருத்துவமனைக்கோ அன்றே, இரவானாலும் மறுநாளுக்குத் தள்ளாமல், எடுத்துச் செல்லுங்கள்.