மாந்தர்க்குப் பொதுக் கடன்

உடையும் உணவும் மொழியும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஓரினத்தார் போற்றும் வழக்கத்தைப் பிறிதோர் இனத்தார் எள்ளி நகைத்தலும் உண்டு. அங்ஙனமாயின், எல்லா மக்களுக்கும் பொதுவான கடன் என ஒன்றும் இல்லையோ?

ஏற்காட்டைச் சார்ந்த சேர்வராயன் மலை ஊர்களுள் ஒன்று மஞ்சக்குட்டை. அம்மலையின் பழங்குடி மக்கள் 'மலையாளிகள்' எனப்படுவர். மலையில் வாழ்வோர் என்பது அதன் பொருள். அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்கள் தோன்றவே, ஐரோப்பியரும் சமவெளித் தொழிலாளரும் அங்குக் குடியேறினர். இவ்வாறு, பழக்கமும் சமயமும் வேறாகிய மக்கள் ஒரே மலையில் வாழலாயினர்.

மாலைப் பொழுது, மூடுபனி வழியை மறைக்கின்றது. வழி தவறிய ஒருவன் இம்மலையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகின்றான். "நீ எக்குலத்தினன்? எத்தெய்வத்தை வணங்குவாய்?" என்று வினவி, விடை பெற்ற பின்னரே நீர் தருதல் அறமாகுமா? ஆகாது எனச் சிறுபிள்ளையும் கூறும்.

இவ்வுணர்வு ஒரு நாட்டாருக்கே உரியதன்று. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். பண்டைக் கிரேக்கர், தம் தலைமைத் தெய்வமாகிய சீயசே அயலாரைக் காப்பவன் என நம்பினர். அரபு நாட்டுப் பாலைநில மக்கள் விருந்தினனை மூன்று நாள் ஓம்புதலை மரபாகக் கொண்டனர். தெய்வமும் நாடும் வேறு; கடன் ஒன்றே. மலையிலும் பாலையிலும் இன்று உதவுபவன் நாளை உதவி நாடுபவன் ஆதல் கூடுமன்றோ?

கடலிலும் இக்கடன் உண்டு. 1910ஆம் ஆண்டு பிரசெல்சு நகரில் பல நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. கடலில் உயிருக்கு இடருற்றவன் பகைவனே ஆயினும், தன் கப்பலுக்கும் அதிலுள்ளோர்க்கும் பேரிடர் நேராதவாறு இயலுமாயின், அவனுக்கு உதவுதல் கப்பல் தலைவனின் கடமை என்று அது விதித்தது.

எனினும், விருந்தோம்பலைப் போற்றிய நம் நாட்டிலேயே, சாதியின் பெயரால் பொதுநீர் பலருக்கு மறுக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டு மகாடு என்னும் ஊரில், அறிஞர் அம்பேத்கர் மக்கள் பலருடன் சென்று பொதுக்குளத்து நீரைப் பருகி அவ்வுரிமையை நிலைநாட்டினார். நீரை மறுத்ததும் வழக்கமே. ஆனால் அது அறமன்று. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்தது.

வழக்கங்கள் பல, அவை வேறுபடுதலில் தீங்கில்லை. ஆயினும், இடருற்றவனுக்கு உதவுதல் என்னும் கடனோடு ஒரு வழக்கம் முரண்படுமாயின், விடத்தக்கது அவ்வழக்கமே, கடன் அன்று.