வீட்டுத் தொட்டிகளில் பச்சிலைச் செடிகள்

கொல்லைப்புறம் உள்ள வீடுகளில் கறிவேப்பிலையும் துளசியும் கிணற்றடிப் புதினாவும் அதிகப் பிரயாசையின்றி வளர்ந்துவிடும். பட்டணவாசிகளில் பலருக்கு இவ்வசதி இல்லை. இரண்டடி அகலமுள்ள ஒரு தாழ்வாரமும், மொட்டைமாடியில் ஒரு மூலையுமே அவர்களுடைய நிலம். அவர்கள் ஆசையுடன் நாற்று வாங்கித் தொட்டியில் வைப்பதும், இரண்டு மாதத்திற்குள் அது வாடி மடிவதும், "நம் கைக்குச் செடி வராது" என்று வெறுத்து விட்டுவிடுவதும் சாதாரணமாகக் காணக்கூடியவை. கைராசிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நிலத்தில் தண்ணீர் இறங்கும் விதம் வேறு, தொட்டியில் இறங்கும் விதம் வேறு. இவ்வித்தியாசத்தை அறியாமல் தினந்தோறும் அன்புடன் ஊற்றும் தண்ணீரே பெரும்பாலான தொட்டிச் செடிகளைக் கொல்லுகிறது.

நிலத்தில் ஊற்றிய தண்ணீரை அடியிலுள்ள மண் மேலும் மேலும் கீழே இழுத்துக்கொள்ளும். தொட்டியிலோ ஓரடி ஆழத்துடன் மண் முடிந்துவிடுகிறது. மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொள்வதால், அடியில் துவாரம் இருந்தபோதிலும் கடைசி அங்குலங்களில் உள்ள மண் நெடுநேரம் சொதசொதவென்றே இருக்கும். காற்றுப் புகாத அவ்விடத்தில் வேர் அழுகுகிறது. வேர் அழுகிய செடி தண்ணீரை உறிஞ்ச மாட்டாமல் வாடுகிறது. வாட்டத்தைக் கண்டவர் தாகமென்றெண்ணி இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறார்.

இதை வீட்டிலேயே பரீட்சை செய்து பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து, படுக்கைவாட்டில் பிடித்து, சொட்டுவது நிற்கும் வரையில் பொறுத்திருக்கவும். பிறகு அதையே செங்குத்தாக நிறுத்திப் பிடித்தால் மறுபடியும் தண்ணீர் சொட்டக் காணலாம். உயரம் கூடினால் வடிவதும் கூடுகிறது. ஆகையால் ஒரே அளவு மண் கொள்ளும் இரண்டு தொட்டிகளில், அகன்று தாழ்ந்ததைக் காட்டிலும் ஒடுங்கி உயர்ந்ததிலேயே வேருக்குக் காற்று அதிகம் கிடைக்கும்.

தொட்டியின் அடியில் இரண்டங்குலம் ஜல்லியும் உடைந்த ஓடும் பரப்பவேண்டும் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இதனால் நன்மையைவிடத் தீமையே அதிகம். மேலுள்ள மண் முற்றும் ஊறிப்போகும் வரையில், அதிலுள்ள தண்ணீர் ஜல்லியின் பெரிய சந்துகளுக்குள் இறங்குவதில்லை. ஆதலால் ஈரப் படை ஜல்லிக்கு மேலே ஏறி நின்று, வேருக்குரிய இடத்தை அடைத்துக்கொள்ளுகிறது. மண் ஒழுகாதபடி துவாரத்தின்மேல் வளைந்த ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

மண்ணைப் பொறுத்தமட்டில் செம்மண், பருமணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகிய மூன்றையும் சம அளவாகக் கலப்பது போதுமானது. களிமண் கூடாது. மாடியில் வைப்போர் மண்ணின் பாரத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் கூட்டமாக வைக்காமல், சுவர்களையும் உத்தரங்களையும் ஒட்டி வைப்பதே உத்தமம். பாரத்தைக் குறைக்கச் செம்மண்ணில் ஒரு பாகத்திற்குப் பதிலாகத் தென்னைநார்க் கழிவைச் சேர்க்கலாம். அது மக்கியதாகவோ, உப்பு நீங்கப் பலமுறை அலசியதாகவோ இருக்கவேண்டும். பழைய வாளிகளும் எண்ணெய் டின்களும் துவாரமிட்டால் நல்ல தொட்டிகளே. வர்ணமோ பூச்சிமருந்தோ இருந்த டின்களை, எத்தனை முறை கழுவியபோதிலும், உண்ணும் இலைகளுக்கு உபயோகிக்கலாகாது.

எல்லாச் செடியும் ஒரே விதமான தொட்டியை விரும்புவதில்லை. புதினா ஈரத்தில் மகிழ்வது. ஓடுதண்டுகளால் பக்கவாட்டில் பரவுவது. அதற்கு அகன்ற தாழ்ந்த தொட்டியும் பாதி நிழலும் ஏற்றவை. சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்து முற்றின தண்டுகள் நான்கைந்தை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி நட்டால் வேர்விடும். வேறு செடியுடன் சேர்த்து நட்டால் அதை நெருக்கிவிடும்.

கொத்தமல்லியின் ஒவ்வொரு மணியிலும் இரண்டு விதைகள் உண்டு. மணியைத் தரையில் இலேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓரிரவு ஊறவைத்து, தொட்டியிலேயே நேராக விதைக்கவேண்டும். பிடுங்கி நட்டால் சரியாகப் பிடிக்காது. ஒரே சமயத்தில் முழுவதையும் விதைத்து ஒரே வாரத்தில் தின்று தீர்ப்பதைவிட, 15 தினங்களுக்கு ஒரு தொட்டி வீதம் விதைப்பது புத்திசாலித்தனம். சித்திரை வைகாசி வெயிலில் அது இலை விடாமல் பூவுக்கு ஓடிவிடும். அக்காலத்தில் அதை வற்புறுத்துவது வீண்.

கறிவேப்பிலை கடையில் கொசுறாகவே கிடைக்கும்போது அதை வளர்ப்பானேன் என்று கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்தின் எச்சம் மிகுந்திருப்பதாக 2015 ஆம் வருஷம் கேரளத்தில் முறையீடு எழுந்தபோது, கறிவேப்பிலையும் அதில் அடிபட்டது. தினந்தோறும் எல்லா வீட்டுக் குழம்பிலும் சேரும் இலை இது. ஒரு செடியேனும் நம் கண்பார்வையில் வளர்வது நல்லது. காய்ந்த விதை முளைக்காது. கறுத்துக் கனிந்த பழத்தின் சதையை நீக்கி, சில தினங்களுக்குள் விதைத்துவிடவேண்டும். மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் கன்று கிடைத்தால் இன்னும் சுலபம். இதற்கு ஒன்றரை அடி ஆழமுள்ள தொட்டியும் முழு வெயிலும் வேண்டும். மூன்றடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் தோன்றும். இலையை ஒவ்வொன்றாக உருவாமல் இணுக்காக ஒடிப்பதே முறை. புளித்த மோர் ஊற்றும் வழக்கத்தில், நீர்க்க ஊற்றினால் கெடுதல் இல்லை. அதையே எருவாக நம்பிவிடக் கூடாது.

இச்செடியில் பறவை எச்சம் போன்ற சிறு புழுக்கள் தென்படும். அவை வளர்ந்தபின் பச்சை நிறமாகி, ஓரிரு தினங்களில் கிளையை மொட்டையாக்கிவிடும். அழகிய வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகளே இவை. காலையில் பார்த்துக் கையால் பொறுக்கி அகற்றுவது போதும். நாலு கிளைக்கு மருந்து தெளிப்பவர், வீட்டில் செடி வைத்த நோக்கத்தையே மறந்தவராவார்.

கற்பூரவல்லியின் சதைப்பற்றான இலைகளிலேயே தண்ணீர் சேமிப்பு உண்டு. ஆகவே மண் நன்றாகக் காய்ந்த பிறகே அதற்கு ஊற்றவேண்டும். ஒடித்து நட்ட கிளை அநேகமாகத் தவறுவதில்லை. ஓமத்தின் வாசனை இருப்பதால் இதை ஓமவல்லி என்றும் அழைப்பர். ஆயினும் ஓமம் வேறு ஒரு செடியின் விதை. குழந்தைகளின் சளிக்கு இவ்விலைச் சாற்றைக் கொடுப்பது பல இல்லங்களில் வழக்கம். ஜுரமோ மூச்சுத்திணறலோ கண்டால், சாற்றை நம்பி ஒரு தினமும் கடத்தாமல் வைத்தியரிடம் செல்லவேண்டும். துளசிக்குப் பூங்கதிர்களை அவ்வப்போது கிள்ளிவந்தால் இலை பெருகும். தூதுவளை முள்ளுடைய கொடி. படர ஒரு கொம்பு நாட்டி, குழந்தைகள் கை படாத இடத்தில் வைக்கவேண்டும்.

தண்ணீர் ஊற்றுமுன் விரலை ஓரங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்க்கவேண்டும். ஈரம் இருந்தால் செம்பை அப்படியே திருப்பிக்கொண்டு போகலாம். ஊற்றும்போது அடித்துவாரத்தில் வடியும் வரையில் ஊற்றவேண்டும். மேலே மாத்திரம் தெளித்தால், ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பு மண்ணில் தங்கி வெள்ளையாகப் பூக்கும்.

வடிந்த தண்ணீரைத் தாங்கத் தொட்டியின்கீழ் வைக்கும் தட்டுதான் வீட்டாருக்கு ஆபத்தானது. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு, இத்தகைய சிறு நிலைநீரிலேயே முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகி வெளிவர ஏழு முதல் பத்து தினங்களே போதும். தண்ணீரைக் கொட்டிவிடுவதால் மாத்திரம் காரியம் முடியாது. தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும், மறுபடி நனைந்ததும் பொரிக்க வல்லவை. ஆகையால் வாரத்திற்கொரு முறை தட்டை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். இதற்கு அவகாசமில்லாதவர், தட்டை எடுத்துவிட்டு இரண்டு செங்கல்மேல் தொட்டியைத் தூக்கி வைக்கட்டும். துவாரத்திற்கும் காற்று கிடைக்கும்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு தொட்டியையும் சாய்த்து, துவாரத்தை ஒரு குச்சியால் குத்திப் பார்க்கவேண்டும். வேரும் மண்ணும் அதை அடைத்திருப்பது சகஜம். கற்பூரவல்லியை மழை நேராகப் படாத சுவரோரத்திற்கு மாற்றிவிடலாம். கறிவேப்பிலை மழையிலேயே இருக்கட்டும்.