டகோட்டா பிறந்த கதை

வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்துக்கு நிமிர்த்திக்கொண்டு நிற்கும் ஓர் ஆகாய விமானத்தை நேயர்கள் பழைய படங்களில் பார்த்திருப்பார்கள். அதில் ஏறியவர்கள், மேட்டு நிலத்தில் நடப்பதுபோல் நடந்துதான் தங்கள் ஆசனத்தை அடைய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அதற்கு டி.ஸி. 3 என்று பெயர். பிரிட்டிஷார் இட்ட டகோட்டா என்னும் பெயரே நம் நாட்டில் நிலைத்தது.

இதன் கதை ஒரு துர்மரணத்தில் ஆரம்பமாகிறது. 1931-ஆம் வருஷம் மார்ச்சு 31-ஆம் தேதி கான்ஸாஸ் மாகாணத்தில் ஒரு போக்கர் விமானம் விழுந்து, அதில் சென்ற எட்டுப் பேரும் மாண்டனர். மாண்டவர்களில் ஒருவர் நூட் ராக்னி. அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் புகழ்பெற்ற ஆசான். அந்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பெயர். விமானத்தின் இறக்கை மரத்தாலானது. உள்ளே ஈரம் புகுந்து, ஒட்டிய பசை விட்டுப்போயிற்று என்று கண்டார்கள். மர இறக்கையை நம்பி இனி யார் ஏறுவார்கள்?

போயிங் கம்பெனியார் முழுவதும் உலோகத்தாலான விமானம் ஒன்றைத் தயாரித்து வந்தார்கள். ஆனால் முதல் 60 விமானங்களும் அவர்களுடைய சகோதரக் கம்பெனியான யுனைடெட்டுக்கே என்று கூறிவிட்டார்கள். விபத்துக்கு உள்ளான டி.டபிள்யூ.ஏ. கம்பெனி என்ன செய்யும்? அதன் அதிகாரியான ஜாக் பிரை, 1932-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், விமானம் கட்டுவோர் சிலருக்கு ஒரு சிறிய கடிதம் எழுதினார். மூன்று என்ஜின்கள் கொண்ட உலோக விமானம் வேண்டும். பன்னிரண்டு பேரை ஏற்றிச் செல்ல வேண்டும். அத்தனை பாரத்துடனும் ஓர் என்ஜின் நின்றுபோனாலும் கம்பெனியின் எந்த விமான நிலையத்திலிருந்தும் மேலே கிளம்ப வேண்டும். இதுதான் கடிதத்தின் சாரம்.

கலிபோர்னியாவில் இருந்த டொனால்ட் டக்ளஸின் பொறியாளர்கள் இரண்டு என்ஜினே போதும் என்றார்கள். கேட்பதற்கு எளிது. மூன்றில் ஒன்று நின்றால் இரண்டு மிஞ்சும். இரண்டில் ஒன்று நின்றால்? டி.டபிள்யூ.ஏ.வுக்கு ஆலோசகராயிருந்த லிண்ட்பர்க், அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியாகக் கடந்த அதே வீரர்தான், இந்த நிபந்தனையில் அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை. பேச்சு நடத்த நியூயார்க்குக்குச் சென்ற பொறியாளர்களில் ஆர்தர் ரேமண்ட் என்பவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நூற்றுக்குத் தொண்ணூறு முடியும் என்று வந்தது. மிச்சம் பத்துத்தான் அவரைத் தூங்க விடவில்லையாம். விமானம் கட்டும் இந்த நிபுணர்கள் நியூயார்க்குக்குச் சென்றது ரயிலில் என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும்!

டி.ஸி. 1 என்னும் முதல் விமானம் 1933-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி கிளம்பிற்று. கிளம்பிய சற்று நேரத்தில் என்ஜின்கள் இருமத் தொடங்கின. மூக்கை உயர்த்தினால் என்ஜின் அடங்கும். தாழ்த்தினால் உயிர் பெறும். விமானி படிப்படியாக உயரம் பிடித்து ஒருவாறு பத்திரமாக இறங்கினார். கார்புரேட்டரில் உள்ள மிதவைகளின் அமைப்பினால், விமானம் மேலே ஏறும்போது பெட்ரோல் தடைப்பட்டது. திருப்பி வைத்ததும் தொல்லை தீர்ந்தது. பின்பு அரிஸோனா மாகாணத்தில், சுமார் 5,000 அடி உயரத்திலுள்ள வின்ஸ்லோவில் உண்மையான பரீட்சை நடந்தது. கிளம்பும் தறுவாயில் ஓர் என்ஜினை நிறுத்திவிட்டார்கள். மற்றொன்றைக் கொண்டே விமானம் எழும்பி, ஆல்புகர்க் வரையில் போய்ச் சேர்ந்தது.

பதினான்கு ஆசனங்களுடன் டி.ஸி. 2 வந்தது. அதற்கும் பெரியதாக, படுக்கைகள் போட்ட விமானம் ஒன்று வேண்டுமென்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ஸி.ஆர். ஸ்மித் டெலிபோனில் டக்ளஸுடன் மன்றாடினார். டக்ளஸுக்கு இஷ்டமில்லை. பேச்சு சுமார் இரண்டு மணி நேரம் நீடித்தது. டெலிபோன் கட்டணம் மட்டும் 300 டாலருக்கு மேல். அந்தப் பணம் வீண் போகவில்லை என்றே நாம் சொல்வோம். 1935-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி, ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்த அதே தேதியில், புதிய விமானம் பறந்தது. படுக்கைகளுக்குப் பதிலாக 21 ஆசனங்கள் போட்டதுதான் டி.ஸி. 3. அதுவரை தபால் மூட்டைக்கு சர்க்கார் கொடுத்த பணத்தில் காலந்தள்ளிய கம்பெனிகள், பிரயாணிகளின் கட்டணத்தைக் கொண்டே லாபம் காண முடிந்தது.

யுத்தம் வந்ததும் அமெரிக்காவில் பதினாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். 1941-இல் சீனாவில் நடந்த வேடிக்கை ஒன்று: ஜப்பானியர் குண்டு போட்டு ஒரு டி.ஸி. 3-இன் வலது இறக்கையைச் சிதைத்தார்கள். மாற்று இறக்கை கிடைக்காமல், ஐந்தடி குட்டையான டி.ஸி. 2 இறக்கையைப் பூட்டினார்கள். விமானம் சாதுவாகப் பறந்தது. அதற்கு டி.ஸி. இரண்டரை என்று பெயரிட்டார்கள்!

யுத்தம் முடிந்த பின் மிஞ்சிய டகோட்டாக்கள் நம் நாட்டுக் கம்பெனிகளின் கைக்கு வந்தன. 1949-இல் தொடங்கிய இரவுத் தபாலில் சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் அவை நள்ளிரவில் நாகபுரியில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பின. அதற்கு முன்பே, 1947-ஆம் வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி, சீக்கியப் படையினரை ஏற்றிக்கொண்டு டில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குப் பறந்தவையும் டகோட்டாக்களே. அடுத்த மே மாதத்தில் மெஹர் சிங் என்னும் விமானப்படைத் தலைவர், ஜெனரல் திம்மய்யாவைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு லே நகரத்தில் இறங்கினார். சோனம் நோர்பு என்னும் லடாக் பொறியாளர் அவசரமாகச் சமன் செய்த தரை அது. வின்ஸ்லோவைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட உயரம். லிண்ட்பர்க்கே இதைக் கேட்டிருக்க மாட்டார்.

ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய விமானத்தின் எண் வி.பி. 905. 2018-ஆம் வருஷத்தில், இங்கிலாந்தில் பழுதுபார்க்கப்பட்ட ஒரு டகோட்டா அந்த எண்ணைத் தாங்கி, பரசுராமர் என்ற பெயருடன் பறந்து வந்து நம் விமானப்படையில் சேர்ந்தது. அதை வாங்கி அளித்தவர் ராஜ்யசபை உறுப்பினராயிருந்த ராஜீவ் சந்திரசேகர். அவருடைய தகப்பனார் ஒரு காலத்தில் டகோட்டா ஓட்டியவர்.